திருச்சபையும் சாதியும்



மெதடிஸ்த திருச்சபை சமூகப் பிரச்சினைகளில் தலையிடலாமா என்று கேட்போர் நம்மிடையே உளர். அச்சபையின் மூலவரான ஜோன் உவெஸ்லி 1774-ம் ஆண்டிலேயே அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதியவர். 1791-ல், இறப்பதற்கு ஆறு நாட்களுக்கு முன் உவில்பர்போசுக்கு அவர் வரைந்த கடிதமும் அதைப் பற்றியதே. ஆகவே கேள்வி புதியதன்று.

1814-ல் உவெஸ்லியன் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்திலே தமிழர் தமிழரையே அடிமை கொண்டிருந்தனர். சட்டம் அதனை 1844-ல் ஒழித்தது, வழக்கம் ஒழியவில்லை. 1847-ல் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளையொருவன் சேர்க்கப்பட, உயர்குலத்தார் எனப்பட்டோரின் பிள்ளைகள் வெளியேறினர். அங்கு பணிபுரிந்த ஆறுமுக நாவலர் மறுவருடம் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறைக்கமாட்டோம்.

நம் குறையையும் மறைக்கமாட்டோம். ஞாயிறன்று ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர், திங்களன்று தோட்டத்துக் கூலியாளுக்குச் சிரட்டையிலே தண்ணீர் வார்த்ததுண்டு. கலியாணப் பேச்சில் இன்றும் முதலில் விசாரிக்கப்படுவது யாது? விசுவாசமா? 1964-ல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்றது. அன்று முதல் வெள்ளைக்காரன்மேற் பழிபோட இடமில்லை.

சபைக்குக் காணி உள்ள ஊர்களிற் குத்தகை கொடுக்கும்போது, நிலமற்ற கமக்காரன் முதலில் அழைக்கப்படுகிறானா? இங்கே வழக்கறிஞரும் வைத்தியரும் கமக்காரரும் ஒருங்கே இருக்கிறோம். குத்தகைப் பதிவேட்டை அடுத்த சபைக்கூட்டத்தில் மேசைமேல் வைக்கும்படி கேட்போம்.