ஆங்கிலத்தின் ‘டூ’ என்னும் வினை

ஆங்கில வினைச்சொற்களுள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிக முந்தி அறிமுகமாவதும், பெரியவர்களையும் நெடுநாள் தடுமாற வைப்பதுமான ஒன்று ‘டூ’. செய்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். வீட்டுப்பாடம் எழுதுவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் தலை வாரிக்கொள்வதற்கும் ஆங்கிலேயர் இதையே ஆள்கின்றனர்; இன்ன வேலை என்பதை உடன்வரும் பெயர்ச்சொல்லே உணர்த்திவிடுகிறது. செய்தல் அல்லாத பொருளிலும் இது வருவதுண்டு: ‘தட் வில் டூ’ என்றால் ‘அது போதும்’ என்று பொருள்.

ஆனால் இந்த வினையின் உண்மையான உழைப்பு, அது தன் பொருளை இழந்து துணைவினையாக, அதாவது வேறொரு வினைக்கு இலக்கணத் துணையாக நிற்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. தமிழில் சொல்லின் ஈற்றில் ‘ஆ’ சேர்த்தால் ‘தெரியுமா?’ என்று வினா பிறந்துவிடுகிறது. ஜெர்மானியர் வினைச்சொல்லை எழுவாய்க்கு முன் நிறுத்தியே கேட்டுவிடுகின்றனர். ஆங்கிலத்திலோ ‘டூ யூ நோ?’ என்று, செயல் எதையும் குறிக்காத ஒரு வினையை முன்னால் நிறுத்த வேண்டியிருக்கிறது. ‘ஹௌ டூ யூ டூ’ என்னும் முகமன் தொடரில் இரு நிலைகளும் அருகருகே அமைந்துள்ளன: முதலில் வருவது வினாவை அமைக்கும் துணைவினை, இறுதியில் நிற்பது நலமாக இருத்தலைக் குறிக்கும் முதன்மை வினை.

வினாவில் ‘டூ’வைத் துணையாக்கும் இவ்வழக்கு ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு வந்ததன்று. ஜெர்மானியரைப் போலவே வினையை முன்னிறுத்திக் கேட்ட ஆங்கிலேயர், இடைக்காலத்தில் தலைகாட்டிய ‘டூ’வை 16ஆம் நூற்றாண்டில் பெருமளவில் கைக்கொண்டனர்; ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பழைய முறையும் புதிய முறையும் கலந்தே வருகின்றன. சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்வார் எல்லெகோர்டு 1953இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்மறை வினாக்களில் இது விரைந்து பரவியதையும், அறிதலைக் குறிக்கும் ‘நோ’ போன்ற சில வினைகள் நெடுங்காலம் இதற்கு இடங்கொடாமல் எதிர்மறைத் தொடரில் ‘ஐ நோ நாட்’ என்றே நின்றதையும் காட்டுகிறது. கெல்டிக் மொழிகளின் தாக்கமே காரணம் என்பாரும், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை குலையாமல் காக்கவே இது வேரூன்றியது என்பாரும் உளர். பின்னதே கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது.

‘டூ’வின் மற்றொரு பயனான, அழுத்தம் தரும் வழக்கு தமிழருக்கு அந்நியமானதன்று. தெரியாதென்று பிறர் நினைக்கையில் ஆங்கிலேயர் ‘ஐ டூ நோ’ என்பர். தமிழரோ ‘எனக்குத் தெரியத்தான் செய்கிறது’ என்பர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறக்கவில்லை எனினும், இரு மொழிகளிலும் செய்தல் வினையே பொருள் ஒழிந்து காலம் காட்டும் வேலையை ஏற்றிருப்பது வியப்புக்குரியது.

‘டிட் யூ வென்ட்?’ என்னும் பிழையை நீக்கவும் இவ்வொப்புமை உதவும். ‘வரத்தான் செய்தான்’ என்பதில் இறந்தகாலம் ‘செய்தான்’ மீது மட்டுமே நிற்க, ‘வர’ என்பது காலம் காட்டாத எச்சமாக இருக்கிறது. ‘வந்தான் செய்தான்’ என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே ‘டிட்’ இறந்தகாலத்தை ஏற்றுக்கொண்டபின் ‘கோ’ உருமாறாமல் நிற்க வேண்டும். விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் ஆசிரியர் இந்தத் தமிழ்த் தொடரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவாராயின், மாணவர் தாம் ஏற்கெனவே அறிந்த இலக்கணத்தைக் கொண்டே ஆங்கிலத் தொடரைத் திருத்திக்கொள்வர்.