மனநோயாளர் இல்லமும் நம் கடமையும்



ஜூபிலியை முன்னிட்டு மனநோயாளர் இல்லத்துக்கு ஒருவேளை விருந்து கொடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அண்டாவை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டாம்; உள்ளே போங்கள்.

2001 ஆகஸ்ட் 6, ஆண்டவர் மறுரூபமான திருநாள். அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை; சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். அவர்களுக்கும் தாய் தகப்பன் இருந்தார்கள், அண்ணன் தம்பி இருந்தார்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடுத்திருக்கிறது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம். வேலை வாங்கினால் கூலி தரவேண்டும்.

ஆகவே வெள்ளையடித்த சுவரைப் பார்க்காதீர்கள், கணுக்காலைப் பாருங்கள். எல்லாத் தலையும் ஒன்றுபோல் மழித்திருக்கிறதா? மருத்துவர் கடைசியாக வந்தது என்றைக்கு? இரவில் கதவுச் சாவி யார் கையில்? கேளுங்கள். நிர்வாகி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நம் பங்கிலும் சில வீட்டார் தங்கள் பிள்ளையை இப்படி ஓர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள்; வெளியே சொல்லக் கூசுகிறார்கள். வேன் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலிருந்து புறப்படும். பெயர் கொடுக்கத் தேவையில்லை, ஏறிக்கொள்ளலாம்.