கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? கடன் தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

(கலவையில் நடந்த ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



இன்னைக்கு சேமிப்பு, தர மதிப்பீடு பத்திப் பேசப் போறதில்ல. ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் பத்திப் பேசப் போறோம். போன மாசம் அது ஒரு குழுவோட தீர்மான நோட்டு வரைக்கும் வந்துடுச்சு.

கலவைக்குப் பக்கத்துல ஒரு கிராமம். அந்த உறுப்பினர் ஷூ கம்பெனி வேன்ல விடியக்காலையில ராணிப்பேட்டைக்குப் போனா, பொழுது சாஞ்சுதான் வீட்டுக்கு வருவாங்க. குழுவுல உள்கடன் வாங்கி, மகளுக்கு 9,000 ரூபாயில பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு எடுத்துக் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணு ஊர்க்காரங்களுக்கு மனு, பயோடேட்டா டைப் அடிச்சுக் கொடுக்குது. குழுவோட மூணு வருஷக் கணக்கும் அதுலதான் ஏத்தி வச்சிருக்கு. ஒரு நாள் பட்டனை அழுத்தினா திரையில ஒண்ணும் வரல. ரிப்பேர்காரர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "மதர்போர்டு போச்சு, 4,500 ஆகும், உள்ளே இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்"னு சொல்லிட்டார். வீட்டுல அண்ணன்காரன் பேசினது அதைவிட மோசம். "பொட்டப்புள்ள கையில கொடுத்தா இப்படித்தான் ஆகும்"னான். அந்தப் பொண்ணு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அம்மா குழுக் கூட்டத்துல எழுந்து நின்னு 5,000 கடன் கேட்டாங்க. முதல் கடன்லயே இன்னும் 6 தவணை பாக்கி.

அன்னைக்குக் கூட்டத்துல நாங்களும் இருந்தோம். நாங்க படிச்சது சமூகப்பணி. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க அங்க யாரும் சொல்லித் தரல. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் அடிக்கடி மக்கர் பண்ணி, அதைச் சரி பண்ண வர்றவங்க பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்கிட்டதுதான். "தீர்மானத்தை ரெண்டு நாள் தள்ளி வையுங்க"ன்னு கேட்டுக்கிட்டு, அந்தப் பொண்ணோட சேர்ந்து பெட்டி முன்னால உட்கார்ந்தோம்.

கிணத்து மோட்டார் ஓடலன்னா உடனே காயில் கட்டவா தூக்கிக்கிட்டுப் போறோம்? முதல்ல பீஸ் போயிருக்கான்னு பாப்போம் இல்லையா? இதுவும் அதே மாதிரிதான். பட்டனை அழுத்தினதும் பெட்டியில லைட் எரியுதா, உள்ளே ஃபேன் சுத்துதா? அதை முதல்ல பாருங்க.

லைட்டும் இல்ல, ஃபேனும் இல்லன்னா பெட்டிக்குக் கரண்ட் வரலன்னு அர்த்தம். அதே பிளக்குல வேற ஒரு பொருளைப் போட்டுப் பாருங்க. செல்போன் சார்ஜர் போட்டுப் பார்த்து நம்பிடாதீங்க. பெரும்பாலான சார்ஜர் 100 வோல்ட்டுல கூட வேலை செய்யும், கம்ப்யூட்டருக்கு அது போதாது. டேபிள் ஃபேன் போடுங்க, மெதுவா சுத்தினா வோல்டேஜ் கம்மி. நம்ம பக்கம் மோட்டாரெல்லாம் ஓடற நேரத்துல லைட் மங்கறது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துல பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க. தினமும் இதே கதைன்னா மின்வாரியத்தோட மின்னகத்துல புகார் கொடுக்கலாம். 2021-ல ஆரம்பிச்சது, நம்பர் 94987 94987.

அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதை விட்டுட்டு ஒயரை நேரா சுவத்து பிளக்குல போட்டுப் பாருங்க. பெட்டிக்குப் பின்னால ஒயர் தளர்ந்திருக்கும், நல்லா அழுத்தி விடுங்க. அங்கேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். வீடு கூட்டும்போது தொடப்பம் பட்டு அது ஆஃப் ஆகி, அதுக்கே ஆள் கூப்பிட்ட வீடு உண்டு. பழைய பெட்டி சிலதுல சிவப்பு சுவிட்ச் ஒண்ணு இருக்கும், 115, 230-ன்னு போட்டிருக்கும். நம்ம நாட்டுக்கு 230. பிள்ளைங்க விளையாட்டா 115-க்குத் தள்ளிட்டு ஆன் பண்ணினா வெடிச்சுடும்.

இதெல்லாம் சரியா இருந்தும் உயிர் வரலன்னா, அனேகமா எஸ்எம்பிஎஸ் போயிருக்கும். 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாப் பிரிச்சுக் கொடுக்கற டப்பா அது. கரண்ட் போய்த் திடீர்னு வரும்போது முதல்ல அடி வாங்கறதும் அதுதான். பல்லி புகுந்து செத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கோம். அதை மட்டும் மாத்தினா போதும், மதர்போர்டு அளவுக்குச் செலவாகாது. அந்த டப்பாவை மட்டும் நீங்க பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தங்கி நிக்கும்.

பெட்டியைத் தொட்டாலே சுர்ருன்னு அடிக்குதா? எர்த் சரியில்ல. சில வீட்டுல மூணாவது பின்னை உடைச்சுட்டு ரெண்டு ஓட்டையில சொருகறாங்க. அதுக்கு வயர்மேனைத்தான் கூப்பிடணும், கம்ப்யூட்டர்காரரை இல்ல.

நம்ம பொண்ணு வீட்டுல கதை வேற. லைட் எரிஞ்சுது, ஃபேன் சுத்திச்சு, திரைதான் கருப்பு. மானிட்டருக்குத் தனி சுவிட்ச், தனி ஒயர் உண்டு, பார்த்தோம், சரியா இருந்தது. பெட்டியிலேர்ந்து மானிட்டருக்குப் போற நீல பிளக்கைக் கழட்டிப் பார்த்தோம், 15 கம்பியும் வளையாம நேரா இருந்தது. திரும்ப மாட்டி ஆன் பண்ணினப்போ பெட்டிக்குள்ளேர்ந்து "பீப்... பீப்..."னு விட்டு விட்டு சத்தம். அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு, "மேடம், இது முதல் நாள்லேர்ந்தே கத்துது, அவர்கிட்டயும் சொன்னேன், காதுல வாங்கல."

அந்த சத்தம் சும்மா வராது. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். ஆனா இப்படி விடாம கத்தினா பல நேரம் ரேம் சரியா ஒட்டலன்னு பொருள். பிளக்கைப் பிடுங்கினோம். பவர் பட்டனைப் பத்து எண்ணற வரைக்கும் அழுத்திப் பிடிச்சோம், மிச்சக் கரண்ட் இறங்கட்டும்னு. பக்கப் பலகையைக் கழட்டினா உள்ளே ஒரே தூசி. அதே அறையிலதான் மல்லாட்டை மூட்டை அடுக்கியிருக்காங்க! பெயின்ட் பிரஷ்ஷால தட்டிட்டு, பெட்டியோட இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு, ரெண்டு பக்கக் க்ளிப்பை விரிச்சு ரேமை எடுத்தோம். ஒரு சின்ன அட்டை, அவ்வளவுதான். அதோட தங்க நிற ஓரம் கறுத்துப் போயிருந்தது. பள்ளிக்கூட ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூளை ஊதி விட்டு, திரும்ப டக்குனு சத்தம் வர அழுத்தினது அந்தப் பொண்ணுதான். திரை வந்துடுச்சு. கணக்கு அத்தனையும் அப்படியே இருந்தது. செலவு ஒரு ரப்பர். அண்ணன்காரன் அப்போ வாசல்ல இருந்தான், ஒண்ணும் பேசல.

எல்லா வீட்டுலயும் ரப்பர்லயே முடிஞ்சுடும்னு நினைக்காதீங்க. மதர்போர்டு நிஜமாவே போறதும் உண்டு. உள்ளே நிக்கற சின்னச் சின்ன உருளைங்க தலை உப்பியிருந்தா பலகைக்கு வயசாயிடுச்சு. அப்பவும் கணக்கு அழியாது. கணக்கு இருக்கறது ஹார்ட் டிஸ்க்குல, அதைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்துக்கலாம். அந்த டிஸ்க்கே "டக் டக்"னு அடிச்சா மட்டும் உடனே நிறுத்திடுங்க. ஓட விட ஓட உள்ளே இருக்கறது போயிடும்.

அதனால ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "எங்களைக் கேக்காம பார்மெட் பண்ணக் கூடாது, மாத்தின பழைய பார்ட்டைத் திருப்பித் தரணும்"னு சொல்லி, ரசீதுலயே எழுதி வாங்குங்க. கூச்சப்படாதீங்க. வங்கி மேனேஜர்கிட்டயே எதிர் உட்கார்ந்து பேசறவங்க நாம.

இன்னொரு சின்ன விஷயம். ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போகுதா? உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலயே கிடைக்கும். தேதி தப்பா இருந்தா வட்டிக் கணக்கும் தப்பாப் போகலாம், பார்த்துக்குங்க.

2011-லேர்ந்து அரசு பிள்ளைங்களுக்குக் கொடுத்த லேப்டாப்ல பேட்டரி உண்டு, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். வீட்டுப் பெட்டிக்கு அது இல்ல, போன நொடியே அணைஞ்சிடும். அதனால மாசக் கூட்டம் முடிஞ்சதும் கணக்கைப் பென்டிரைவ்ல ஏத்தி ஊக்குநர்கிட்ட கொடுங்க. கையால எழுதற நோட்டையும் விடாதீங்க. இந்தக் காலத்துல எதுக்குன்னு சிலர் கேக்கறாங்க. அந்தக் குழுவுல நோட்டு எழுதறதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுதான் எங்களுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

5,000 கடன் மனுவை அந்த அம்மா திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு அந்தப் பொண்ணு பெட்டியைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாடியும் கழட்டி மாட்டிக் காட்டறதா சொல்லியிருக்கு. வர்றவங்க வீட்டுப் பெண் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஆளுக்கொரு ரப்பர் எடுத்துக்கிட்டு வந்தா நல்லது.