'டாக்கிங்': கப்பலுக்கா, சம்பளத்துக்கா?



'டாக்' என்றால் என்ன என்று நம் தாத்தாக்களைக் கேட்டால், யோசிக்காமல் "கப்பல் பட்டறை" என்பார்கள். தஞ்சோங் பகார், கெப்பல், செம்பவாங் என்று அந்தச் சொல்லோடு வியர்வை சிந்திய தமிழர்கள் பலர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் 1938ல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் டாக், சுமார் 300 மீட்டர் நீளம். கப்பல் அங்கே வந்து சேர்வதுதான் 'டாக்கிங்'.

பிறகு இந்தச் சொல் வானத்துக்கே ஏறிவிட்டது. 1966 மார்ச்சில் நீல் ஆம்ஸ்ட்ராங் ஓட்டிய ஜெமினி 8, விண்வெளியில் அஜீனா கலத்துடன் இணைந்தது. அதுதான் முதல் விண்வெளி டாக்கிங். 2025 ஜனவரியில் இந்தியாவும் அதைச் செய்து காட்டியது.

நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டுக்கும் 'டாக்' என்றுதான் பெயர். நான் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிதில், "குற்றஞ்சாட்டப்பட்டவர் கப்பல்துறையில் நின்றார்" என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அண்ணன், "அவரு கப்பல் ஏறப் போறாரா, தங்கச்சி?" என்று கேட்டார். அன்று எல்லாரும் சிரித்தோம்.

ஆனால் சிரிக்க முடியாத ஓர் அர்த்தமும் இருக்கிறது. விலங்கின் வாலை ஒட்ட நறுக்குவதையும் ஆங்கிலத்தில் 'டாக்' என்பார்கள். அதிலிருந்து வந்ததுதான் சம்பளத்தை வெட்டும் 'டாக்'.

படப்பிடிப்புக்காக ஊழியர் தங்கும் விடுதி ஒன்றுக்குப் போயிருந்தேன். கப்பல் பட்டறையில் ஒரு வருடத்துக்கு மேலாக வேலை செய்யும் தம்பி ஒருவர் சம்பளச் சீட்டை நீட்டினார். "அக்கா, டாக் வேலைக்கு 60 வெள்ளி போட்டிருக்காங்க. ஆனா கைக்கு வரலையே?" என்றார். பார்த்தேன். அது கொடுத்த பணம் அல்ல, வெட்டிய பணம். டாக்டரிடம் எம்சி வாங்கி ஓய்வில் இருந்த இரண்டு நாளுக்கான சம்பளம். அர்த்தம் தெரியாமல் கையெழுத்தும் போட்டிருந்தார்.

சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், சம்பளச் சீட்டில் ஒவ்வொரு பிடித்தத்தையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். நினைத்தபடியெல்லாம் முதலாளி வெட்ட முடியாது. அந்தத் தம்பி மறுநாள் மேற்பார்வையாளரிடம் எம்சியைக் காட்டிக் கேட்டார். அடுத்த மாதம் 60 வெள்ளியும் வந்து சேர்ந்தது.

நேயர்களே, உங்கள் வீட்டருகே, கடையில், கோயிலில் இப்படி ஒரு தம்பி சீட்டோடு வந்தால், இரண்டு நிமிடம் நின்று படித்துச் சொல்லுங்கள். நமக்கு அது ஒரு சொல். அவருக்கு அது ஊருக்கு அனுப்பும் பணம்.