கொதித்தாலும் போகாத விஷம்

தண்ணீரில் சந்தேகம் வந்தால் கொதிக்க வைத்துக் குடிப்போம். ஆனால் 2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அதிகாலை, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகரவாசிகளுக்கு வந்த அறிவிப்பே வேறு: "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்!" கொதித்து நீர் வற்றினால் அதிலுள்ள விஷம் இன்னும் செறிவாகிவிடும்.

காரணம், ஈரி ஏரியில் படர்ந்திருந்த மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி. அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நம் கல்லீரலைப் பதம் பார்க்கும். 4 லட்சம் பேருக்கு மேல் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள். ஆகஸ்ட் 4-ஆம் தேதிதான் தடை நீங்கியது.

இந்தப் பாசியில் விஷமுள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

மரபணுவைக் கேட்க வேண்டியதுதான். விஷம் தயாரிக்கும் செய்முறை 'எம்சிஒய்' என்ற மரபணுத் தொகுப்பில் இருக்கிறது. ஏரி நீரை வடிகட்டி, பாசியின் டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் கருவியில் வைக்கிறார்கள். கொரோனா காலத்தில் நம் மூக்கில் எடுத்த மாதிரியைச் சோதித்ததும் இதே முறையில்தான். அந்த மரபணு இருந்தால் அது பெருகும். எவ்வளவு இருக்கிறது என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒஹாயோவில் 2016 முதல், ஏரி, ஆற்று நீரை எடுக்கும் குடிநீர் நிலையங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டில் சமையல் புத்தகம் இருப்பதாலேயே சாப்பாடு தயாராகிவிடுமா? அதனால், மரபணு தென்பட்டதும் விஷம் உண்மையிலேயே நீரில் இருக்கிறதா என்று தனியாக அளந்து பார்க்கிறார்கள்.