மூன்று முட்டையும் நூறு முட்டையும்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் முதலமடை மாந்தோப்புகள். அவற்றுக்கு அப்பால் நெல்லியாம்பதி மலை. அந்த மலையோடைகளில் சீகாரப் பூங்குருவி வாழ்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே இறங்கிப் போனால் சாவக்காட்டுக் கடற்கரை. அங்கே முட்டையிடக் கரையேறுவது பங்குனி ஆமை. இரண்டில் ஒன்றுதான் ஆபத்தில் இருக்கிறது, அதுவும் நூறு முட்டையிடும் ஆமை.

பூங்குருவி ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். தூரத்தில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் நீலம் பளிச்சிடும். விடியும் முன்பே பாடத் தொடங்கிவிடும். வேலைவெட்டி இல்லாத ஒருவர் ராகம் பிடிபடாமல் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும் அந்தப் பாட்டு, மழைக்காலத்து ஓடையின் இரைச்சலையும் மீறிக் கேட்கும். அருவியோரப் பாறை இடுக்கில் பாசியும் வேரும் சேர்த்துக் கூடு கட்டி, 2 முதல் 4 முட்டை இடும். பதினாறு, பதினேழு நாளில் குஞ்சு பொரிந்துவிடும். அதன் பிறகு பூச்சி, நத்தை, சிறு நண்டு என்று இரை தேடி ஊட்டுவதே பெற்றோருக்கு வேலை. குஞ்சுகள் சில வாரங்களில் பறந்துவிடும். ஒரு கூடு பாழானாலும் அடுத்த பருவம் இருக்கிறது.

ஆமையின் கணக்கு வேறு. இரவில் கரையேறும் தாய், பின்துடுப்புகளை மாற்றி மாற்றி நீட்டி மணலை அள்ளி, வாய் குறுகி அடி அகன்ற குழியொன்றைத் தோண்டுகிறது. நூற்றுக்கு மேலும் முட்டையிட்டுக் குழியை மூடியபின், உடலை இடமும் வலமுமாக ஆட்டி, ஓட்டின் அடிப்பகுதியால் மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்துகிறது. பிறகு கடலுக்குள் போய்விடும், திரும்பிப் பார்ப்பதில்லை. அடைகாப்பதெல்லாம் மணலின் சூடுதான். சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள். பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதற்குள் நாயும் நரியும் தோண்டித் தின்றது போக, வெளிவரும் குஞ்சுகளை நண்டும் காகமும் பிடிக்கும். தெருவிளக்கை நம்பிக் கடலுக்கு எதிர்த்திசையில் ஊர்ந்து சாவதும் உண்டு. ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலே அதிகம் என்பார்கள். அந்த ஒன்றும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

ஆகவே இந்த இனத்தின் முதலீடு முட்டையில் இல்லை, வளர்ந்த ஆமையில் இருக்கிறது. அதைத்தான் விசைப்படகின் இழுவலை கொண்டுபோகிறது. ஆமைக்கு இருப்பது நுரையீரல். வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான இடத்தில் வைத்துக் காக்கப்படும் உயிரினம் இது.

சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் கடலுக்குள் வளர்ந்த ஆமை சாவதை அது தடுக்காது. அதற்கு வலையிலேயே வழி செய்ய வேண்டும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இழுவலைக்குள் பொருத்தும் கம்பிச் சட்டமொன்றை வடிவமைத்திருக்கிறது. இறால் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து பின்னால் போய்விடும். ஆமை சட்டத்தில் மோதி மேலேயுள்ள திறப்பு வழியே வெளியேறும். அந்தத் திறப்பில் மீனும் கொஞ்சம் தப்பிவிடுகிறது என்பது மீனவர்களின் குறை. பல படகுகள் அந்தக் கம்பிச் சட்டம் இல்லாமலே கடலுக்குப் போகின்றன.