சேவை மனம் மட்டும் போதாது
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. மனநோயாளிகள் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. நோய் இன்னதென்று எடுத்துரைக்க அக்குடும்பங்களுக்கு அருகில் ஆளில்லை.

நம் மஹல்லாவில் பூட்டிய அறைக்குள் எவரும் இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல நம்மால் இயலுமா? "நிக்காஹ் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி, மற்றொரு குடும்பத்தின் பெண்ணையும் துயரத்தில் ஆழ்த்திய வழக்குகள் ஜமாஅத்திற்கு வருவதில்லையா? அவற்றை வெறும் குடும்பத் தகராறாகவே நாம் தீர்த்து வைத்தோம். அது நம் அறியாமை.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம் (2017), மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அதே சட்டம் மனநலச் சமூகப் பணியாளர் யார் என்பதையும் வரையறுக்கிறது. நம் நாட்டில் சமூக சேவகர் என்று எவரும் தம்மை அழைத்துக்கொள்ளலாம்; அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் மனநலச் சமூகப் பணியாளர்களை மாநில மனநல ஆணையம் பதிவு செய்து, அவர்களின் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது சட்டம்.

அதற்குரிய தகுதி யாது? பட்டப்படிப்பு 3 ஆண்டு, எம்.எஸ்.டபிள்யூ. எனும் முதுநிலைப் படிப்பு 2 ஆண்டு. அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய 2 ஆண்டு முழுநேர எம்.பில். ஆக 7 ஆண்டுகள். சென்னை சமூகப் பணிக் கல்லூரி 1952 முதல் இயங்கி வருகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநலப் பயிற்சியில் புகழ்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.பில். பட்டத்தைப் பொதுவாக நிறுத்தியது. இத்துறைக்கு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு அளித்தது. ஆகவே இனிச் சேர விரும்புவோர், தாம் சேரும் படிப்பு பதிவுக்கு ஏற்கப்படுமா என்பதை ஆணையத்திடமே கேட்டறிந்து சேர்வது அவசியம். சுகாதாரத் துறைச் சமூகப் பணியாளர்களை மாநிலப் பதிவேட்டில் சேர்ப்பதற்கு 2021ஆம் ஆண்டின் மற்றொரு சட்டமும் வழிசெய்துள்ளது.

மருத்துவர் மருந்தெழுதுவார். அந்த மருந்தை இடையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள, இல்லம் தேடிச்சென்று குடும்பத்தாரிடம் பேச, அரசு உதவித்தொகை பெற்றுத்தர, தேறியவரை மீண்டும் தொழிலில் அமர்த்த இப்பணியாளரே தேவை. பர்தாவுக்குள் அழுதுகொண்டிருக்கும் நம் சகோதரிகளிடம் பேசப் பெண் பணியாளரே பொருத்தமானவர். எனவே நம் பெண்மக்களையும் இப்படிப்பிற்கு அனுப்ப வேண்டுகிறோம்.

துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று. பொறியியலுக்கும் வெளிநாட்டுப் பயணத்திற்கும் உதவிய நம் கரங்கள், ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் இத்துறையில் படிக்கவைக்க முன்வரட்டும். பைத்துல்மால் கல்வி நிதியில் இதற்கென ஓர் இடத்தை ஒதுக்கி இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுவோம்.

பூட்டிய கதவுகளைத் திறக்கும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.